நடைப்பாலத்துக்கு ஒரு வீரரின் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆகிறதாம். அங்கே ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்ன நடைப்பாலம். அதற்கு, அந்த ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போய் உயிர்விட்ட ஓர் இளைஞனின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு சிலை வைத்திருக்கலாமே, பாலம் என்பது குறைவான மரியாதை இல்லையா?
– ஒரு வாசகி

குறைவு இல்லை அம்மா. என்னைக் கேட்டால் சிலையைவிடப் பாலமே மேல் என்பேன்.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஊர் ஊராக இதே வாக்குவாதம் நடந்தது. இறந்தவர்களுக்குத் தூணும் சிலையும் வைப்பதா, இல்லை மருத்துவமனை, நூலகம், ஊர் மண்டபம், பாலம் என்று உயிரோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கட்டுவதா? பயன்படும் பொருளைக் கட்டினால் கொஞ்ச நாளில் பயன் மட்டும் நிற்கும், நினைவு போய்விடும் என்றார்கள் ஒரு தரப்பினர். சிலை வைத்தால் வருடத்துக்கு ஒரு நாள் மாலை போடுவதோடு சரி, மற்ற நாளெல்லாம் யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள் என்றார்கள் இன்னொரு தரப்பினர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். ஏவான் ஆற்றின் மேல் கேஷல் தெருவில் இருக்கும் நினைவுப் பாலத்தை 1924 நவம்பர் 11-ஆம் தேதி திறந்தார்கள். போருக்குப் போன வீரர்கள் அருகிலிருந்த படைக் கொட்டடியிலிருந்து கிளம்பி, அந்த இடத்தில் ஆற்றைக் கடந்துதான் ரயில் நிலையத்துக்கு நடந்து போயிருக்கிறார்கள். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1976-இல் அங்கே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு அது முழுக்க நடப்பவர்களுக்கான பாலம். 2011 நிலநடுக்கத்தில் அடிபட்டதைச் சரிசெய்து 2016 ஏப்ரல் 25-ஆம் தேதி, அதாவது அவர்கள் போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளில், மறுபடி மக்களுக்குக் கொடுத்தார்கள். கிளம்பிப் போனவர்கள் கடைசியாக ஊரை விட்டு நடந்த வழியிலேயே இன்று ஊர் நடக்கிறது. இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

நீங்கள் பார்த்தது சின்னப் பாலம்தான், இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தினம் இரண்டு முறை அந்தப் பெயரைக் கடக்கும். நீங்களே இரண்டு வாரம் விருந்தாளியாகப் போய்விட்டு வந்து, அந்தப் பையனைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: பாலம் என்றால் ஆயிரம் பேர் மிதித்துப் போவார்கள். இறந்தவர் பெயரை மிதிப்பது பாவம் இல்லையா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் எழுத்துள்ள காகிதத்தைக்கூட மிதிக்க விடமாட்டார்கள்.
– ஒரு வாசகர்

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதான், அந்த உணர்வை விட்டுவிடாதீர்கள். ஆனால் பெயர் பொறிப்பது பாலத்தின் தரையில் இல்லை. நுழையும் இடத்தில் கண் உயரத்தில் ஒரு கல்லிலோ, கைப்பிடிச் சுவரின் முகப்பிலோதான் வைப்பார்கள். அப்படி வைக்காமல் யாராவது தரையில் பதித்தால் நானும் உங்களோடு சேர்ந்து ஆட்சேபிப்பேன்.

இந்த உணர்வு நமக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அரசர்களும் அறிஞர்களும் தரைக்கு அடியில் அடக்கமாகியிருக்கிறார்கள், வருகிறவர்கள் அந்தக் கற்களின் மேல் நடந்துதான் போகிறார்கள். ஆனால் 1920 நவம்பர் 11-ஆம் தேதி அங்கே அடக்கம் செய்த பெயர் தெரியாத போர் வீரரின் கல்லறை மேல் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. அரச குடும்பத்துத் திருமண ஊர்வலம்கூட அதைச் சுற்றித்தான் போகும்.

கேள்வி: சுரங்க ஊர்களுக்கும் ராணுவத்துக்கும் அப்படி என்ன சம்பந்தம்? நிலக்கரி வெட்டுகிறவர்களுக்குப் போர்க்காலத்தில் ராணுவத்திலிருந்து விலக்கு உண்டு என்று படித்திருக்கிறேன்.
– கல்லூரி மாணவர் ஒருவர்

நல்ல கேள்வி தம்பி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் அந்த ஊர்களின் நினைவுச் சின்னங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் படித்தது சரி, ஆனால் அது பாதிக் கதை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் கட்டாய ராணுவ சேவை கிடையாது, விருப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1915 நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 2,30,000 பேர் சுரங்கத்தை விட்டு ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள். கப்பலுக்கும் ரயிலுக்கும் ஆலைக்கும் நிலக்கரி வெட்ட ஆள் போதாமல் அரசாங்கமே திணறியது, அதற்கப்புறம்தான் அவர்களைத் தடுக்க ஆரம்பித்தார்கள்.

போனவர்களில் ஒரு பகுதியினர் செய்த வேலையைக் கேளுங்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி, யாரும் முன்னால் நகர முடியாமல் போர் முடங்கிக் கிடந்தபோது, எதிரியின் காலடிக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு யார் வேண்டும்? மண்ணுக்கு அடியில் வேலை செய்து பழகியவர்கள். 1915 பிப்ரவரியில் சுரங்கம் தோண்டும் படைப்பிரிவுகளை உருவாக்கினார்கள். நகரத்துச் சாக்கடைக் குழாய்களுக்காகக் களிமண்ணைக் குடைந்தவர்களும், நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களும் சீருடை போட்டுக்கொண்டு, ஊரில் செய்த அதே வேலையைப் போர்முனையில் செய்தார்கள். 1917 ஜூன் 7-ஆம் தேதி விடியற்காலை, பெல்ஜியத்தில் ஜெர்மானியர்கள் பிடித்திருந்த மெசீன்ஸ் குன்றுக்கு அடியில் 19 சுரங்க வெடிகள் அடுத்தடுத்து வெடித்தன. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் அந்தச் சத்தம் கேட்டது.

இவர்களில் ஒருவர் வில்லியம் ஹாக்கெட். நாட்டிங்காமில் பிறந்து, யார்க்‌ஷயரில் மெக்ஸ்பரோ என்ற சுரங்க ஊரில் குடியிருந்து, இருபது வருடத்துக்கும் மேலாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். வயது அதிகம் என்று காலாட்படையில் எடுக்கவில்லை. விடாமல் முயன்று, சுரங்கம் தோண்டும் பிரிவில் சாப்பராக, அதாவது பொறியாளர் படையின் சாதாரண வீரராகச் சேர்ந்தார். 1916 ஜூன் மாதம், பிரான்சில் ஜிவான்ஷி என்ற இடத்துக்கு அருகே, ஜெர்மானியர்கள் வைத்த வெடியில் சுரங்கப்பாதை இடிந்து, அவரும் இன்னும் நான்கு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 20 மணி நேரம் போராடித் தோண்டியதில் ஒரு துளை கிடைத்தது, வெளியில் மீட்புக் குழு நிற்கிறது. மூன்று பேரை அந்தத் துளை வழியாக வெளியே அனுப்பினார். நான்காவது ஆள், தாமஸ் காலின்ஸ் என்ற 22 வயது வேல்ஸ் நாட்டு இளைஞன், பலத்த காயத்தோடு நகர முடியாமல் கிடந்தான். ஹாக்கெட் நினைத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், துளையும் சுருங்கிக்கொண்டே வருகிறது. நான் சுரங்கம் தோண்டுகிறவன், மற்றவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாதை முழுவதும் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் தோண்டியும் அவர்களிடம் போய்ச்சேர முடியவில்லை. இரண்டு பேரும் இன்றும் அங்கேதான் மண்ணுக்கு அடியில் இருக்கிறார்கள். ஹாக்கெட்டுக்கு வயது 43. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது. அந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது 2010-இல்தான், 94 வருடம் கழித்து.

அவர் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். அது ராணுவப் பயிற்சியில் வந்ததாக எனக்குப் படவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு மேலே வரக்கூடாது என்பது சுரங்கத்தில் எழுதாத சட்டம். அதைத்தான் அவர் போர்முனைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் உலகப் போரில் நேர் எதிராக நடந்தது. சுரங்கத்துக்கு ஆள் பற்றாக்குறை. 1943 டிசம்பரிலிருந்து, ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பத்தில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அப்போதைய தொழிலாளர் துறை அமைச்சர் எர்னஸ்ட் பெவினின் பெயரால் அவர்களைப் பெவின் பையன்கள் என்பார்கள். 1948 வரை சுமார் 48,000 பேர். சீருடை கிடையாது, பதக்கம் கிடையாது, தெருவில் போனால் ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்தவன் என்ற ஏச்சு வேறு. அரசாங்கம் அவர்களுக்கு ஒரு நினைவு பேட்ஜ் கொடுக்கத் தொடங்கியதே 2008-இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் காலமாகிவிட்டார்கள், நினைக்கவே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், சுரங்கங்களை மூடிய காலம். 1984-85 பெரிய வேலைநிறுத்தம் தோற்ற பிறகு வரிசையாக மூடினார்கள். பிரிட்டனின் கடைசி ஆழ்நிலை நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அப்பாவும் தாத்தாவும் இறங்கிய குழி இல்லாமல் போனபோது, பதினெட்டு வயதுப் பையனுக்கு ஊரில் மிச்சமிருந்த சில வழிகளில் ராணுவமும் ஒன்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் உயிரிழந்தவர்களின் பெயர்களை இப்படிப்பட்ட ஊர்களில் பார்க்கும்போது இந்தப் பின்னணியையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: நானும் ராணுவத்தில் இருந்தவன்தான், அதனால் உரிமையோடு கேட்கிறேன். ஒரே ஒருவர் பெயரைப் பாலத்துக்கு வைத்தால் அதே ஊரில் சுரங்க விபத்தில் செத்தவர்களை என்ன செய்வது? அவர்களும் நாட்டுக்காகத்தானே வெட்டினார்கள்?
– முன்னாள் படைவீரர்

உங்களுக்கு என் வணக்கம். உங்கள் கேள்வியில் இருக்கிற நியாயத்தை நான் அப்படியே ஏற்கிறேன். வேல்ஸில் செங்கெனித் என்ற ஊரில் 1913 அக்டோபர் 14-ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளிகளும், மீட்கப் போன ஒருவரும் செத்தார்கள். பிரிட்டன் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. அந்தத் தெருக்களில் பல வீடுகளில் அப்பாவும் மகனும் ஒரே நாளில் போனார்கள். அடுத்த வருடமே உலகப் போர் வந்து, மிச்சமிருந்த ஆண்களையும் கூப்பிட்டது. அங்கே சுரங்கத்தில் இறந்தவர்களுக்கான பெரிய நினைவுச்சின்னத்தைச் சரியாக நூறு வருடம் கழித்து 2013-இல் திறந்தார்கள்.

ஆனால் ஒருவர் பெயரை வைப்பதால் மற்றவர்களை மறந்ததாக ஆகாது. பெல்ஜியத்தில் ஈப்ரு நகரத்தின் மெனின் வாயில் என்ற நினைவு வளைவு, முதல் உலகப் போரில் இறந்து உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. நம் இந்திய வீரர்கள் பெயரும் அதில் உண்டு. ஊருக்குள் போகிற சாலையே அதன் வழியாகத்தான் போகிறது. தினமும் இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி எக்காளம் ஊதுகிறார்கள், 1928-இல் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்த வருடங்கள் தவிர இன்றுவரை நடக்கிறது. அதன் முன்னால் நின்றால் அந்த எண்ணிக்கை நம்மைத் திகைக்க வைக்கும், அழவும் வைக்கும். அதே சமயம் அதில் ஒரு தனி மனிதனை அறிந்துகொள்ள முடியாது. ஒரு சின்ன ஊர், தான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு பையனைத் தனியாக நினைக்க விரும்புகிறது, அந்த ஆசையில் எனக்குத் தவறு தெரியவில்லை.

என் கருத்து, பாலத்தின் கல்வெட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். அந்த வீரர் யார் மகன், ஊரில் என்ன வேலை பார்த்தார், அவர் வீட்டில் யார் சுரங்கத்தில் இருந்தார்கள் என்று. அந்த வரிகளுக்குள் சுரங்கமும் வந்துவிடும். நம் பழைய நடுகற்களில் வீரனின் பெயரோடு, எதற்காகச் செத்தான் என்பதையும் வெட்டிவைத்தார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தான், புலியோடு போராடிச் செத்தான் என்று செயலைச் சொன்னதால்தான் பல நூற்றாண்டு கழித்தும் அவன் நமக்கு ஒரு மனிதனாகத் தெரிகிறான். வெறும் பெயரும் இரண்டு தேதியும் மட்டும் இருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது யாரோ ஒருவர்.

கேள்வி: இப்போதெல்லாம் வீரர்களின் உடலைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்துவிடுகிறார்களே. கல்லறை இருக்கும்போது எதற்குப் பாலம்?
– ஒரு வாசகி

கல்லறை குடும்பத்துக்கு, பாலம் ஊருக்கு.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் உடல்களை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-லிருந்தே தடை இருந்தது. பணக்காரர் மகன் உடல் மட்டும் வீடு திரும்பினால் ஏழை வீட்டுக்கு அது அநீதி என்பது ஒரு காரணம். அதனால் ஊர் நடுவில் இருந்த நினைவுத் தூண்தான் அம்மாக்களுக்குக் கல்லறை. 1982-இல் அர்ஜென்டினாவோடு நடந்த பாக்லாந்து போருக்குப் பிறகு விரும்புகிற குடும்பங்களுக்காக உடலைக் கொண்டுவரும் வழக்கம் ஏற்பட்டது. கனடாவில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த உடல்களை ட்ரென்டன் விமானத் தளத்திலிருந்து டொராண்டோவுக்கு 401-ஆம் நெடுஞ்சாலையில் கொண்டு போவார்கள். வழிநெடுக இருக்கும் மேம்பாலங்களில் மக்கள் தாங்களாகவே கொடியோடு வந்து நிற்பார்கள், பனியிலும் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, உத்தரவு போடவில்லை. 2007-இல் அந்தச் சாலைக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தது, மக்கள் அப்படி நின்றதைப் பார்த்துத்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். குடும்பத்தைக் கேட்காமல் பெயர் வைக்காதீர்கள். ஊருக்குப் பெருமையாக இருப்பது, தினம் அந்த வழியாகக் கடைக்குப் போகிற தாய்க்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், அங்கே பேச்சை முடித்துவிட வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் போரைப் புகழ்கிற வேலை இல்லையா?
– ஒரு வாசகர்

எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. வெற்றி, வீரம், பெருமை என்றே எழுதிக்கொண்டு போனால் நீங்கள் சொல்வது சரி. இருபது வயதில் செத்தான் என்று வயதை எழுதிவிட்டால், படிக்கிறவர் மிச்சத்தைத் தானே நினைத்துக்கொள்வார்.

கேள்வி: எங்கள் அமைப்பில் ஒரு வீரர் நினைவாக நடைப்பாலம் கட்ட நன்கொடை சேர்க்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அந்த இடம் ஒரு காலத்தில் சுரங்கப் பகுதி.
– ஒரு குழுவின் செயலாளர்

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள்! சுரங்கப் பகுதி என்றால் தரையை நம்பக்கூடாது. மேலே புல் முளைத்து அமைதியாக இருக்கும், கீழே வெட்டி எடுத்த வெற்றிடம். பழைய சுரங்க வரைபடங்களைத் தேடி எடுத்து, துளையிட்டு மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பாலத்தின் தாங்குசுவர் எங்கே வரும் என்று முடிவு செய்ய வேண்டும். ஓடைத் தண்ணீரையும் சோதியுங்கள். கைவிட்ட சுரங்கங்களிலிருந்து வருகிற தண்ணீர் பல இடங்களில் அமிலத்தன்மையோடு, இரும்புச் சத்து படிந்து செம்மஞ்சளாக ஓடும். அதிலுள்ள சல்பேட் சாதாரணக் கான்கிரீட்டைத் தின்னும், அமிலம் இரும்பை அரிக்கும். அதற்கு ஏற்ற சிமென்ட் வகையைப் பொறியாளர் சொல்வார், செலவு கூடுகிறதே என்று அதில் கை வைக்காதீர்கள்.

நடைப்பாலம்தானே, எளிது என்று நினைக்கவும் வேண்டாம். ராணுவத்துக்கும் தொங்கு பாலத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1831 ஏப்ரல் 12-ஆம் தேதி இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலத்தில் 74 வீரர்கள் கால் ஒத்து நடந்து வந்தார்கள், பாலம் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தது, வீரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததால் இன்னும் அழுத்தி மிதித்தார்கள், ஓர் ஆணி முறிந்து பாலம் ஒரு பக்கம் சரிந்தது. நல்லவேளை உயிரிழப்பு இல்லை. பாலத்தில் ஏறினால் காலடியைக் கலைத்து நட என்ற உத்தரவு ராணுவத்தில் அதற்குப் பிறகுதான் வந்தது. 1850-இல் பிரான்சில் ஆன்ஷே நகரத்தில் புயல் காற்றில் ஒரு தொங்குபாலம் அறுந்து 200-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அங்கே அவர்கள் காலடியைக் கலைத்துத்தான் நடந்தார்கள். ஆனால் கம்பி வடங்கள் கரையில் புதைந்திருந்த இடத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் துருப்பிடித்திருந்தன. அவ்வளவு பழைய கதை எதற்கு, லண்டனில் 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்த மில்லேனியம் நடைப்பாலம் கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி, 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். நினைவுப் பாலத்தின் திறப்பு விழாவில்தான் ஒரே நேரத்தில் ஊரே ஏறும், அதனால் அந்தக் கூட்டத்துக்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

படிக்கட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள், இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். காலை இழந்து சக்கர நாற்காலியில் வரும் ஒரு படைவீரர் தன் தோழனின் பெயர் தாங்கிய பாலத்தில் ஏற முடியவில்லை என்றால் அதைவிடக் கொடுமை எது? சரிவுப்பாதை 20 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்று இருந்தால் நல்லது, 12-க்கு 1 என்பதைத் தாண்டிச் செங்குத்தாகப் போகவே கூடாது.

பெயர்ப்பலகை விஷயம். வெண்கலப் பலகை அழகுதான், ஆனால் திருடர்களுக்கும் அது அழகு. பிரிட்டனில் போர் நினைவுச்சின்னங்களிலிருந்து உலோகப் பலகைகளைப் பெயர்த்து எடைக்குப் போட்ட கொடுமை நிறைய நடந்தது. பழைய உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்கவே கூடாது என்று சட்டம் போடுகிற அளவுக்குப் போனது. கல்லில் ஆழமாக வெட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பாதிப் பலகையை நன்கொடையாளர் பெயர்களும் திறந்து வைத்தவர் பெயரும் பிடித்துக்கொள்ள விடாதீர்கள். அவர்களுக்கு வேண்டுமானால் பின்பக்கம் ஒரு சின்னக் கல்.

சேர்க்கிற பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு என்று தனியாக வையுங்கள், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். துருப்பிடித்து, விளக்கு எரியாமல், குப்பை சேர்ந்த ஒரு பாலத்தில் ஒருவர் பெயர் தொங்குவதைவிட, பெயரே வைக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: பாலம் பழசாகி இடிக்க வேண்டி வந்தால் நினைவு என்ன ஆகும்?
– ஒரு வாசகி

அமெரிக்காவில் போர்ட்ஸ்மத், கிட்டரி என்ற இரண்டு ஊர்களை இணைக்கும் நினைவுப் பாலம், முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர்களுக்காக 1923-இல் திறந்தது. தொண்ணூறு வருடத்தில் அது தாங்காமல் போனபோது எடுத்துவிட்டு, 2013-இல் அதே இடத்தில் அதே பெயரில் புதுப் பாலம் கட்டினார்கள். நியூசிலாந்தில் கைபரோரோ என்ற சிற்றூரில் வேறு வழி. அங்கே ஊர்க்காரர்கள் இறந்த தங்கள் பிள்ளைகளின் பெயரைப் பொறித்து 1922-இல் ஒரு கான்கிரீட் பாலம் கட்டினார்கள். நெடுஞ்சாலை வேறு பக்கம் திரும்பிய பிறகு அதை இடிக்காமல், பழுது பார்த்து, நடந்து போய் நிற்கிற நினைவிடமாக வைத்துக்கொண்டார்கள். ஆக, கான்கிரீட் போனாலும் பெயரைக் காப்பாற்ற முடியும், ஊர் மனசு வைத்தால்.

கேள்வி: நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் ஊரும் மூடிய சுரங்க ஊர்தான். இங்கிருந்தும் ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு. எங்களுக்கு இந்த மாதிரி ஒரு யோசனை பொருந்துமா?
– ஒரு வாசகர்

பொருந்தும், நிச்சயமாக. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து உங்கள் ஊர் பிழைப்பதே ரயிலை வைத்துத்தான். மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் நிலையங்களிலிருந்து விடியற்காலையில் ஏறி பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறீர்கள். அப்படியென்றால் ஊரே கடந்து போகிற இடம் ரயில் நிலையம்தான். தனியாகப் பாலம் கட்ட அலைவதைவிட, நிலையத்தில் மக்கள் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு பெயர்க்கல் வைக்கக் கேட்பது எளிது. இடம் ரயில்வேக்குச் சொந்தம் என்பதால் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்ட அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். கோரிக்கையோடு குடும்பத்தாரின் சம்மதக் கடிதம், படைப்பிரிவின் விவரம், கல்லில் வரப்போகும் வாசகம் இவற்றையும் இணைத்து அனுப்புங்கள்.

வாசகத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுங்கள். அவர் அப்பாவோ தாத்தாவோ எந்தச் சுரங்கத்தில், எந்த வேலையில் இருந்தார் என்று தெரிந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களின் ஊர் அது. அந்த ஆழத்தில் வேலை பார்த்த முதியவர்கள் இன்னும் சிலர் உங்களோடு இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அனுமதி வருவதற்குள் அந்த வேலையை முடித்துவிடலாம்.